சுட்டேன், எடுக்க முடியவில்லை: மலைக் காடை வேட்டையில் நான் கற்றவை

கலிபோர்னியாவில், சேக்ரமென்டோவுக்குக் கிழக்கே உள்ள ஃபால்சம் நகரில் பதினோரு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். மென்பொருள் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவை, எல்டொராடோ தேசிய வனத்தின் ஒரு பள்ளத்துக்குள் எலும்பில் விரிசல் விழுந்த கணுக்காலோடு தனியாகக் கழித்தேன். நான் சுட்டு, உயிர் போகாமல் பறந்து விழுந்த ஒரு மலைக் காடையைத் தேடி இறங்கியதால் வந்த வினை அது. அந்தக் காடை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இங்கே வேட்டை உரிமம் எடுக்கும் தமிழர்கள் இப்போது கூடி வருகிறார்கள். என்னிடம் வழி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதைவிட, எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் என் தாத்தா கண்ணி வைத்துக் காடை பிடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் பிடித்த காலம் வேறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தியாவில் காட்டுக் காடையையோ கவுதாரியையோ பிடிப்பது குற்றம். ஊரில் கடைகளில் விற்கும் காடை பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை. ஆகவே இங்கே நான் எழுதுவது முழுக்கக் கலிபோர்னியாவின் மலைகளுக்கும் அங்குள்ள சட்டத்துக்கும் மட்டுமே பொருந்தும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதை யாரும் அங்கே முயன்று பார்க்கக் கூடாது.

இங்கே முதன்முறை உரிமம் வாங்குவதற்கு முன் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும்; குறைந்தது பத்து மணி நேரப் பாடம் அது. அதன்பின் உரிமம், மேட்டுநிலப் பறவைகளுக்கான முத்திரை என இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 75 டாலர் செலவானது. காட்டுப் புறாவையும் சுட நினைத்தால், அது வலசைப் பறவை என்பதால் உரிமத்தில் தனியாக ஒரு பதிவும் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. துப்பாக்கியைக் கடையில் பணம் கட்டி வாங்கினாலும் பத்து நாள் காத்திருந்துதான் கையில் பெற முடியும். ஆகவே பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் கடைக்குப் போவதில் பயனில்லை. வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, ஒரு மாநிலத்தின் செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் எடுத்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும், அதுவும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். நான் பச்சை அட்டை வந்த பிறகுதான் இதில் இறங்கினேன்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை 900 டாலருக்கு வாங்கினேன். அதோடு மலிவாகக் கிடைத்ததே என்று பத்துப் பெட்டி ஈயத் தோட்டாக்களையும் 110 டாலருக்கு வாங்கி வைத்தேன். அது என் முதல் தவறு. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு பயன்படுத்தக் கூடாது. களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் மைதானத்தில் ஒரு பெரியவர் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “இதைக் காட்டுக்குக் கொண்டு போய்விடாதே” என்று எச்சரித்தார். பயிற்சிக்கு அது ஆகும், வேட்டைக்கு ஆகாது. இந்தத் தடை வெறும் சம்பிரதாயம் இல்லை. 1982-இல் கலிபோர்னியாக் காண்டோர் என்னும் பெருங்கழுகுகள் உலகிலேயே 22 தான் மிஞ்சியிருந்தன. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலிலும் உடலிலும் கிடக்கும் ஈயத் துணுக்கைத் தின்று நஞ்சேறிச் சாவதுதான் இன்றும் அவற்றின் சாவுக்கான முதன்மைக் காரணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எஃகுக் குண்டுத் தோட்டாக்களை வாங்கினேன். ஆறு பெட்டிக்கு 130 டாலர். எஃகு ஈயத்தைவிட இலேசானது என்பதால் விரைவிலேயே வேகத்தை இழந்துவிடும். ஈயத்தில் ஏழரை எண் குண்டு பயன்படுத்தும் இடத்தில் எஃகில் ஆறாம் எண் எடுக்க வேண்டும்; எண் குறையக் குறையக் குண்டு பெரிது. முப்பது, முப்பத்தைந்து கஜத்துக்கு மேல் சுடவே கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டேனே தவிர, மலைச்சரிவில் முப்பத்தைந்து கஜம் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் அளந்து பழகவில்லை. அந்தக் குறை பின்னால் என்னைக் கடித்தது.

மலைக் காடை அமெரிக்காவின் காடைகளிலேயே பெரியது. ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். தலையில் ஊசிபோல நிமிர்ந்த இரண்டு நீள இறகுகள். பள்ளத்தாக்குக் காடைக்கு இருப்பதுபோல முன்னால் வளைந்து தொங்கும் கொண்டை இல்லை. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கோடையில் உயரமான சரிவுகளில் குஞ்சு பொரித்து, இலையுதிர் காலத்தில் பனிக்கோட்டுக்குக் கீழே வந்துவிடும். அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடக்கும். செங்குத்தான சரிவு, அடர்ந்த புதர், பக்கத்தில் தண்ணீர், இவை மூன்றும் சேர்ந்த இடம்தான் அதன் வீடு. காட்டுத்தீ எரிந்து சில ஆண்டுகள் கழித்துப் புதர் மண்டிவரும் சரிவுகளை அது மிகவும் விரும்பும். 2014-இல் கிங் தீ என்று பெயரிடப்பட்ட தீ எல்டொராடோ வனத்திலும் அதை ஒட்டிய நிலங்களிலும் சுமார் 97,000 ஏக்கரை எரித்தது. நெடுஞ்சாலை 50-இலிருந்து வடக்கே ஏறும் ஐஸ் ஹவுஸ் சாலைப் பகுதியில் அந்தத் தீயின் தழும்பை இன்னும் காணலாம். மன்சனீட்டாப் புதர்களும் மான் தின்னும் சீயனோத்தஸ் செடிகளும் மார்பளவு, சில இடங்களில் தலையளவு வளர்ந்து, நடுவே கருகிய மரங்கள் நிற்கும். காற்றடிக்கும் நாளில் அந்த மரங்களின் அடியில் நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

முதல் மூன்று பயணங்களில் ஒரு பறவையைக்கூட நான் பார்க்கவில்லை. குரலை மட்டும் கேட்டேன். கூட்டம் கலைந்தால் அவை ஒன்றையொன்று கூப்பிடும் “கவ், கவ், கவ்” என்ற குரல் எதிர்ச்சரிவிலிருந்து தெளிவாக வரும். நான் அந்தத் திசையில் ஏறுவேன். நான் ஏறுவதற்குள் அவை எனக்கு மேலே ஓடிவிடும். பறப்பதைவிட மேட்டில் ஓடித் தப்புவதுதான் அவற்றின் பழக்கம். கீழிருந்து துரத்துகிறவனுக்கு மூச்சு வாங்குமே தவிரப் பறவை கிடைக்காது. மூன்று சனிக்கிழமைகளும் பெட்ரோல் செலவும் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. சரிவின் மேல்பாதியில் குறுக்காக நடந்து, அவை மேலே ஓடிவரும் வழியில் நாம் முன்கூட்டி நிற்க வேண்டும். ஆனால் அப்படி நிற்கும்போது எழும்பும் பறவை எப்போதும் பள்ளத்தை நோக்கியே பறக்கும் என்பதையும், சுட்டால் அது நம் காலடியில் விழாமல் வெகு கீழே போய் விழும் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

அந்த நாலாவது சனிக்கிழமை காரை ஒரு மரவெட்டு மேட்டில் நிறுத்தினேன். வீட்டில் சொன்னது “ஐஸ் ஹவுஸ் பக்கம் போகிறேன், இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்” என்ற ஒரு வரிதான். அந்தப் பக்கம் என்பது பல நூறு கிலோமீட்டர் வனப்பாதைகள் கிளை பிரியும் பகுதி. ஜீன்ஸ் போட்டிருந்தேன், ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன், கைவிளக்கு காரிலேயே இருந்தது. பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, சரிவின் மேல்விளிம்பில் நான் குறுக்காக நடந்துகொண்டிருந்தபோது, பத்தடிக்கு முன்னால் புதரிலிருந்து படபடவென்று பத்துப் பன்னிரண்டு காடைகள் எழுந்தன. முதல் குண்டுக்கு ஒன்று அப்படியே மடிந்து, முப்பது அடி கீழே விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான்கு வாரக் காத்திருப்பும் ஆவலும் சேர்ந்து கையைப் பிடித்துத் தள்ளியதுபோல, முதல் பறவை விழுந்த இடத்தைப் பார்க்காமலேயே இரண்டாவது பறவையின் பின்னால் குழலைத் திருப்பிச் சுட்டேன். அது அப்போது நாற்பத்தைந்து கஜத்துக்கு அப்பால் போயிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். இறகுகள் சிதறின. ஒரு கால் தொங்க, இறக்கையை விரித்தபடியே மிதந்து போய், பள்ளத்தின் அடிப்பக்கத்துப் புதருக்குள் அது மறைந்தது.

முதல் பறவையைத் தேடி எடுக்க இருபது நிமிடம் ஆனது. கையில் எடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. செம்பழுப்பு விலாவில் வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காக, யாரோ பொறுமையாகத் தூரிகையால் இழுத்ததுபோல இருந்தன. தலையின் இரண்டு இறகுகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மகிழ்ச்சியும் வருத்தமும் ஒன்றாக வந்தன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதை மேற்சட்டையின் பின்பைக்குள் போட்டுவிட்டு, துப்பாக்கியில் மறுபடியும் இரண்டு தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு, அடிபட்ட பறவை மறைந்த திசையில் இறங்கினேன். அடிபட்ட பறவை எழும்பினால் சுட வேண்டும் என்று நினைத்தேன். செங்குத்தான இடத்தில் தோட்டா போட்ட துப்பாக்கியுடன் இறங்கக் கூடாது என்பது பயிற்சி வகுப்பின் முதல் நாள் பாடம்; தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதியவன்தான் நானும். நூற்றைம்பது அடி இறங்கியிருப்பேன். காய்ந்த பைன் ஊசிகளின் மேல் வைத்த வலது கால் வழுக்கி, நான் பக்கவாட்டில் சரிந்து, ஒரு கருகிய அடிமரத்தில் மோதித்தான் நின்றேன். துப்பாக்கி எனக்கு முன்னால் பாறையில் அடித்துக்கொண்டு உருண்டது. அது வெடிக்கவில்லை. அதன் குழல் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

கணுக்கால் உடனே வீங்கியது. நின்று பார்த்தேன், முடியவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. மணி நாலரை. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் கூட இல்லை. தவழ்ந்து ஏறப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் நாற்பது அடிகூட ஏறவில்லை. சூரியன் மறைந்த பிறகு குளிர் இறங்கியது. விடியும்முன் தண்ணீர் உறையும் அளவுக்கு வந்திருக்கும். மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவது ஆபத்துக்கான சைகை என்பதால் ஏழு மணிக்கு அதையும் செய்தேன். வேட்டைப் பருவத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வியர்வையில் நனைந்த ஜீன்ஸ் காயவே இல்லை. பருத்தித் துணி மலையில் ஆகாது என்பதை அந்த இரவில் உடம்பால் கற்றேன். பைன் ஊசிகளை வாரிக் காலைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கிடந்தேன். இடையில் எங்கோ மிக அருகில், ஒரு புதருக்குள் சருகு அசையும் சத்தம் சிறிது நேரம் கேட்டு நின்றது. எலியாக இருக்கலாம். நான் சுட்ட காடையாக இருக்குமோ என்ற எண்ணம் மட்டும் விடியும் வரை என்னைவிட்டுப் போகவில்லை. எனக்கு வலித்ததுபோல அதற்கும் வலித்திருக்கும். என்னைத் தேட ஆட்கள் வருவார்கள், அதைத் தேடப் போன ஒரே ஆள் நான்தான், நானும் இப்படிக் கிடக்கிறேன் என்று நினைத்து அழுதேன்.

இரவு பத்து மணிக்கு என் மனைவி மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்தை அழைத்திருக்கிறாள். “ஐஸ் ஹவுஸ் பக்கம்” என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு தன்னார்வத் தேடல் குழுவினர் ஒவ்வொரு கிளைப்பாதையாகப் போய், விடிகாலை ஐந்து மணிக்கு என் காரைக் கண்டுபிடித்தார்கள். காரிலிருந்து நான் எந்தத் திசையில் போனேன் என்பது யாருக்கும் தெரியாது. எட்டு மணிக்குத்தான் என் குரல் அவர்களுக்குக் கேட்டது. ஆறு பேர் தூக்குப்படுக்கையில் கட்டி மேலே ஏற்ற இரண்டு மணி நேரம் ஆனது. என்னிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அவர்களில் ஒரு பெண்மணி, இரவு முழுவதும் தூங்காத கண்களோடு எனக்குச் சூடான தேநீர் ஊற்றித் தந்தார். நான் முதலில் கேட்ட கேள்வி, “கீழே ஒரு காடை கிடக்கிறது, யாராவது பார்க்க முடியுமா?” என்பதுதான். இரண்டு பேர் உண்மையாகவே சற்று நேரம் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் காப்பீடு போக என் கையிலிருந்து 2,300 டாலர் ஆனது. பாறையில் அடிபட்ட துப்பாக்கியின் குழலைச் சீர்செய்ய 280 டாலர். ஆறு வாரம் காலணிக்கட்டுடன் இருந்தேன். அதில் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு. பின்பையில் இருந்த முதல் காடையும் வீணாயிற்று. இரவு முழுவதும் என் முதுகுச் சூட்டில், குடல் எடுக்காமல் இருந்ததால், மறுநாள் மாலை வீட்டில் திறந்தபோது இறைச்சி கெட்டுவிட்டிருந்தது. அதன் இரைப்பையைப் பிளந்து பார்த்தேன்: விதைகளும், உடைந்த ஓக் கொட்டைத் துண்டுகளும், இன்னும் பச்சை மாறாத இலைத் துணுக்குகளும் நிறைந்திருந்தன. இரண்டு உயிர்களை எடுத்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பறவையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் குடலை நீக்கி, காற்றோட்டமான துணிப்பையில் போட்டு, காரில் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது ஓர் இறக்கையையோ தலையையோ இறகோடு உடலில் விட்டுவைக்க வேண்டும்; வீட்டுக்குக் கொண்டுபோகும் வரை என்ன பறவை என்று அதிகாரிகள் அடையாளம் காண வேண்டும் என்பது இங்குள்ள விதி.

கால் சரியான பிறகு, ஈயப் பெட்டிகளைப் பார்த்து எச்சரித்த அதே பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எழுபது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சரிவுகளில் நடப்பவர். அவர் என்னைத் திட்டவில்லை. “பறவை விழப்போகிற நிலத்தை முதலில் பார், பிறகு பறவையைப் பார்” என்றார். அடுத்த பருவம் முழுவதும் துப்பாக்கி இல்லாமல் அவரோடும் அவருடைய நாயோடும் நடந்தேன். அவர் பத்து முறை துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினால் ஆறு முறை சுடாமலே இறக்குவார். பள்ளத்தைத் தாண்டிப் பறக்கும் பறவையைத் தொடவே மாட்டார். ஒன்று விழுந்தால் மற்றவை எழும்பிக்கொண்டிருந்தாலும் கண்ணை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றித் தான் நின்ற இடத்துப் புதரின் மேல் மாட்டிவிட்டு, துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நேராக விழுந்த இடத்துக்கு நடப்பார். அங்கே இறகு கண்ணில் பட்டால் அதன் மேல் ஒரு கைக்குட்டை. அதிலிருந்து சுற்றுச்சுற்றாக வட்டத்தைப் பெரிதாக்கித் தேடுவார். மலைக் காடையின் நிறம் காய்ந்த இலையோடு கலந்துவிடும் என்பதால் காலால் தேடினால் போதாது, குனிந்து புதரின் அடியைப் பார்க்க வேண்டும். நாய் இருந்தால் அது பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் பறவையை நாம் ஒரு மணி நேரம் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டோம். நாய் இல்லாதவர்கள் அடர்ந்த புதரில் சுடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறந்த பாதையோரமும் பழைய மரவெட்டுத் திட்டுகளும் நமக்குப் போதும். காயத்தோடு கையில் கிடைத்தால் தயங்காமல் கழுத்தைத் திருகி வலியை முடித்துவிட வேண்டும். தேடியும் கிடைக்காத பறவையை அவர் தன் கணக்கில் சேர்த்துவிடுவார். சட்டம் ஒரு நாளைக்குப் பத்துக் காடை வரை அனுமதிக்கிறது. பத்துப் பன்னிரண்டு இருக்கும் ஒரு கூட்டத்திலிருந்து அவர் எடுப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதே கூட்டத்தை அதே நாளில் இரண்டாம் முறை துரத்துவதில்லை. நீரூற்றுப் பக்கம் பதுங்கி உட்காருவதில்லை. வறண்ட ஆண்டில் அந்தச் சரிவு முழுவதற்கும் அது ஒன்றுதான் தண்ணீராக இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் சுடுவதில்லை, கலைந்த கூட்டம் இருட்டுவதற்குள் ஒன்றுசேர்ந்து அடைய வேண்டும் என்பதற்காக.

காட்டுப் புறா விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும். இங்கே அப்படிச் சொல்வது பட்டைவால் புறாவை. நகரத்து மாடப்புறாவைவிடப் பெரியது, பிடரியில் பிறை போன்ற வெள்ளைக் கோடு, நுனி மட்டும் கறுத்த மஞ்சள் அலகு, மஞ்சள் கால், வால் நுனியில் வெளிர்ப் பட்டை. ஒரு கூட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஓக் கொட்டை எந்தப் பள்ளத்தாக்கில் விளைந்திருக்கிறதோ அங்கே பெருங்கூட்டமாக இறங்கும் என்பதால், பார்ப்பவனுக்கு இது முடிவே இல்லாத கூட்டம் என்று தோன்றும். 1911–12 குளிர்காலத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் அப்படி இறங்கிய புறாக்களை மூட்டை மூட்டையாகச் சுட்டு நகரத்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். பயந்துபோய் 1913 முதல் 1932 வரை வேட்டையை முழுவதும் மூடிவைக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில்தான், 1914 செப்டம்பர் 1 அன்று, சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் கடைசிப் பயணிப் புறாவும் செத்தது. ஒரு காலத்தில் வானத்தை மறைத்துப் பறந்த இனம் அது. இன்று பட்டைவால் புறாவுக்கு ஆண்டில் ஒன்பது நாள் மட்டுமே பருவம்: வட மண்டலத்தில் செப்டம்பரில், தென் மண்டலத்தில் டிசம்பரில். நாளொன்றுக்கு இரண்டு. வலசைப் பறவையைச் சுட்டுவிட்டுத் தேடாமல் விடுவது கூட்டாட்சி விதிப்படியே குற்றம். தேதிகளும் மண்டல எல்லைகளும் மாறக்கூடியவை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் மாநில வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் படித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

போன டிசம்பரில் லாஸ் பாட்ரெஸ் தேசிய வனத்துக்கு நாலரை மணி நேரம் காரோட்டிப் போனேன். விடுதிக்கு இரண்டு இரவு 260 டாலர். இந்த முறை முந்தைய நாளே நடந்து பார்த்து, இரண்டு மலைகளுக்கு நடுவே புறாக்கள் தாண்டிப்போகும் ஒரு கணவாயையும், சுட்டால் பறவை விழக்கூடிய இடம் புல் மட்டுமே உள்ள ஓக் சமவெளியாக இருப்பதையும் உறுதிசெய்துகொண்டேன். காலையில் அங்கே போகும் வழியில், வற்றிக்கொண்டிருந்த ஓடையின் ஒரு குட்டைப் பக்கத்தில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. நான் ஆறடி நெருங்கியும் அது பறக்கவில்லை. அலகு பாதி திறந்திருந்தது, ஓரத்தில் எச்சில் வழிந்து மார்பு இறகுகள் ஒட்டியிருந்தன, தலையை நீட்டி விழுங்க முயன்று முடியாமல் மீண்டும் ஒடுங்கியது. ட்ரைகோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி தொண்டையில் புண் கட்டி அடைத்துவிடும் நோய் அது என்று படித்திருந்தேன். குளிர்காலங்களில் இந்தப் புறாக்களை ஆயிரக்கணக்கில் கொன்றிருக்கிறது. நிழலில் இன்னும் மூன்று செத்துக் கிடந்தன. அந்த இடத்தில் ஆரோக்கியமாகப் பறந்துகொண்டிருந்த மற்ற புறாக்களை நான் சுடுவது சட்டப்படி தவறில்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு குஞ்சோ இரண்டோ வளர்க்கும் இனம், நோயில் இத்தனையை இழக்கும் குளிர்காலத்தில், நான் வேறு இரண்டைக் கழிப்பதா? இடத்தையும் எண்ணிக்கையையும் படத்தோடு வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்துவிட்டு, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் திரும்பினேன். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து அனுப்பினால் போதும்.

மறுபடியும் காடைக்கு நான் தோட்டாவோடு போனது சென்ற அக்டோபரில்தான். இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்: வனப்பாதையின் எண், காரை நிறுத்தும் இடம், எந்தச் சரிவில் எந்தப் பக்கம் நடக்கிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்கு இரண்டு மணி நேரம் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்ற விவரம். பையில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி, ஊதல், தலைவிளக்கு, கம்பளிச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர். கருவிக்கு 300 டாலரும் மாதச் சந்தாவும் ஆகிறது. அந்த இரவின் செலவோடு ஒப்பிட்டால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்று பெரியவரின் நாய் முன்னே ஓட, ஒரு பழைய மரவெட்டுத் திட்டின் ஓரத்தில் கூட்டம் எழும்பியது. இரண்டு பறவைகள் பள்ளத்துக்கு மேல் போயின, விட்டுவிட்டேன். ஒன்று திட்டின் குறுக்கே, இருபத்தைந்து கஜத்தில் போனது. அது வெட்டவெளியில் விழுந்தது. தொப்பியை மாட்டிவிட்டு நடந்துபோய், இருபது வினாடியில் கையில் எடுத்தேன். ஒன்று போதும் என்று சொன்னேன். பெரியவரும் தலையசைத்தார்.

மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கையில் அந்தத் தாளோடு சமையலறையில் நின்றிருந்தாள். “ஏங்க, தாள்ல ஆறரைன்னு போட்டிருந்தீங்களே” என்றாள். கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள். பிறகு காடையை வாங்கி, குழாய்த் தண்ணீரில் கழுவி, மிளகும் சோம்பும் வறுக்கத் தொடங்கினாள்.